தம்மாம் எங்கிட்டு இருக்கு?

மக்காவுக்குப் போக விசா வந்துவிட்டது என்று டிராவல்ஸ்காரர் வாட்ஸப்பில் அனுப்பியதை ஹஃப்சாதான் முதலில் பார்த்தாள். அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். பி.காம். முடித்து இரண்டாம் வருடம் ஓடுகிறது. வேலை தேடுவதே வேலையாகிவிட்டது. ஆதார் திருத்தம், ஸ்காலர்ஷிப், கரண்ட் பில் என்று கட்டுமாவடியில் அவர்கள் தெருவுக்கே அவள்தான் கம்ப்யூட்டர் சென்டர்.

"அம்மா, உம்ரா விசா வந்துருச்சு."

ரம்லத் பீவி விற்பனைக்கான இடியாப்பத்தை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "ஒங்க மாமாவுக்குப் போனைப் போடு. எந்தத் தேதியில என்னைய அத்தாகிட்ட கூட்டிட்டுப் போறான்னு கேளு" என்றாள்.

அத்தா என்றால் ஹஃப்சாவின் தகப்பன், ஷேக் பரீது. சவுதியில் தம்மாம் நகரத்தில் லாரி ஓட்டியவர். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. மய்யித்தை ஊருக்குக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை பெட்டியில் வைத்திருப்பது பாவம், புண்ணிய பூமியிலேயே அடக்கிவிடலாம் என்று ஜமாத்தில் பெரியவர்கள் சொன்னார்கள். கதவுக்குப் பின்னால் நின்று ரம்லத் பீவி தலையாட்டினாள்.

அந்த வீட்டிலிருந்து உடலைச் சுமக்கும் சந்தூக் புறப்படவில்லை. முகம் பார்க்கவில்லை. துக்கம் காத்து வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்த நான்கு மாதமும் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தபோதும் அவள் மனதில் அவர் சாகவில்லை. ரேஷன் கார்டில் அவர் பெயரை எடுக்க இன்றுவரை விட்டதில்லை. வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தால் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள். "மண்ணைக் கண்ணால பாத்துட்டா மனசு ஒத்துக்கும்டி" என்று மகளிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். தம்பி தௌஹீத் மூன்று பிடி மண் போட்டான் என்பது ஒன்றுதான் அவளுக்கு இத்தனை வருடமும் ஆறுதல். ரியாத்திலிருந்து போய் அவள் தம்பி முறைப்படி அடக்கிவிட்டு வந்தான் என்று தெருவில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்!

அன்றைக்கே பயணத் தயாரிப்பு தொடங்கியது. தம்பிக்கு நார்த்தங்காய் ஊறுகாய், வறுத்து இடித்த இறால் பொடி. ஒரு பாட்டிலில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், அவர் கபர்க்குழி மேல் ஊற்றுவதற்கு. மீன் கூடையோடு வந்த பக்கத்துத் தெருக்காரி சின்னப்பிள்ளை வாசலில் நின்று கேலி பேசினாள்.

"ஏ ரம்லத்து, அறந்தாங்கி பஸ்ஸுலயே பையில வாந்தி எடுப்ப நீ. பிளேன்ல என்னத்தடி பண்ணப் போற?"

"ஒன்னையத்தான் பக்கத்துல உக்கார வச்சுக்குவேன். கொட்டுனாலும் ஒன் மடியிலதான் கொட்டுவேன்."

அம்மா அப்படிச் சிரித்து ஹஃப்சா பார்த்து ரொம்ப நாளாகிறது.

பயணத் திட்டத்தை அவள் ஒழுங்காகப் பார்த்தது அதற்குப் பிறகுதான். மக்கா, மதீனா, அப்புறம் ஜித்தாவில் விமானம். தம்மாம் எங்குமே இல்லை. போனில் வரைபடத்தைத் திறந்தாள். மக்கா ஒரு பக்கத்துக் கடலுக்கு அருகில் என்றால் தம்மாம் நாட்டின் மறு ஓரத்துக் கடலில் இருந்தது. இந்தத் தெருவில் 'சவுதி' என்பது எல்லோருக்கும் ஒரே ஊர். போனவர்கள் எல்லாரும் சவுதியில் இருந்தார்கள், அவ்வளவுதான். படித்தவள் தானாவது பணம் கட்டுமுன் பார்த்திருக்க வேண்டாமா?

"தம்மாம் எங்கிட்டு இருக்கு?" என்று எட்டிப் பார்த்தாள் அம்மா.

"அங்கிட்டு, கடைசியில."

"இங்கேருந்து மணமேல்குடி போற தூரம் இருக்குமா?"

ஹஃப்சா போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் மாமாவைக் கூப்பிட்டாள். தௌஹீத் இப்போது தம்மாமில்தான் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். விசா செய்தியைச் சொன்னதும் சந்தோஷப்பட்டார். கபர் என்றதும் அடங்கிவிட்டார்.

"அங்கெல்லாம் பேரு வைக்க மாட்டாங்க ஹஃப்சா. நம்மூரு மாதிரி தலமாட்டுல மீசான் கல்லு கெடையாது. பொம்பளைங்கள உள்ளயும் விடமாட்டாங்க."

"வெளியிலேர்ந்து நீங்க காட்ட முடியும்ல மாமா? எந்த வரிசைன்னு?"

இரும்பு அடிக்கிற சத்தத்தை விட்டு அவர் தள்ளிப் போவது கேட்டது.

"நான் அன்னிக்குப் போகலம்மா. ரியாத்துல லீவு கெடைக்கல. கம்பெனிக்காரங்கதான் அடக்குனாங்க. பழைய மையவாடியா புதுசான்னுகூட எனக்குத் தெரியாது. அக்கா போன்ல அழுதுச்சு... மண்ணு போட்டேன்னு சொல்லிட்டேன்."

ஹஃப்சா பாத்திரம் தேய்க்கும் கல்லில் உட்கார்ந்தாள்.

"நீ கவலைப்படாத. நான் மக்காவுக்கு வர்றேன். அக்காவ வண்டியில ஏத்தி ரொம்ப நேரம் சுத்தி, ஏதாவது ஒரு மையவாடிச் சொவத்தக் காட்டி இதான் தம்மாம்னு சொல்லிடுவோம். அதுக்கு என்ன தெரியப்போவுது?"

"அம்மாவுக்கு அரபி எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் மாமா. தினமும் குர்ஆன் ஓதுறாங்க."

"போர்டு இல்லாத ரோடாப் பாத்துக்குவோம்" என்றார் அவர். அழுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு நாளாக அவளுக்கு அதே கேள்விதான். மாமா சொல்வது ஏமாற்றா, இரக்கமா? கல்லூரியில் ஆடிட்டிங் பாடத்தில் பொய்க் கணக்கைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கண்டுபிடித்ததை யாரிடம் சொல்வது, சொன்ன பிறகு அந்த மனிதர் எதை வைத்துக்கொண்டு உயிரோடு இருப்பார் என்பதற்குப் பாடம் இல்லை. அம்மாவுக்கு உண்மை வேண்டும் என்று நினைத்தாளா, அல்லது தனியாகத் தெரிந்துவைத்திருக்கப் பயந்தாளா? பிறகும் அவளால் இதைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் மதியம் சொல்லிவிட்டாள். முதலில் தூரத்தை. பிறகு பெண்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதை.

"விடாட்டி என்ன? நம்மூர்ல மட்டும் பொம்பளைய மையவாடிக்குள்ள விடுறாங்களாக்கும்! சொவத்துக்கு வெளிய நிக்கிறேன். எந்தச் சொவருன்னு தெரிஞ்சாப் போதும்."

"எதுன்னு தெரியலம்மா."

"ஏன் தெரியாது? தௌஹீத் போயி மண்ணு போட்டான்ல?"

ஹஃப்சா தலையைக் குனிந்துகொண்டாள். பொய் சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி போய்விட்டது. ரம்லத் பீவி மகளின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"அப்ப நான் எதுக்குப் போறேன்?"

சொன்னபிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கஃபாவைப் பார்க்கக் கிடைத்த பயணம், என்ன வார்த்தை இது! "அஸ்தஃபிருல்லாஹ், அஸ்தஃபிருல்லாஹ்" என்று மன்னிப்புக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டே அழுதாள். புருஷனுக்காக அழுதாளா, சொன்ன சொல்லுக்காக அழுதாளா என்று பிரிக்க முடியாத அழுகை.

ஆனால் மறுநாள் சாயந்தரம் பயணம் சொல்லப் போகத்தான் வேண்டியிருந்தது. உம்ராவுக்குப் போகிறவர்கள் வீடு வீடாக ஏறி, தெரியாமல் செய்த தப்புக்கெல்லாம் மாப்புக் கேட்டுவிட்டு வருவது வழக்கம். ரம்லத் பீவி கஞ்சி போட்ட சேலை உடுத்தி, மகளோடு கிளம்பினாள். ஒவ்வொரு வீட்டிலும் அங்கே போய் ஒரு துஆ கேட்கச் சொன்னார்கள். மகனுக்கு வேலை, மருமகளுக்குக் குழந்தை, மூட்டு வலி. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

கடைசித் தெருவில் வயதான மாமி ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒனக்கென்னடி ஆயி, ஒரே பயணத்துல ரெண்டு பாக்கியம். அவரு கபரையும் பாத்துட்டு வந்துருவ."

ஹஃப்சா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா மாமி. பாத்துட்டு வந்துருவேன்" என்றாள் ரம்லத் பீவி. "சொவத்துக்கு வெளியிலதான் நிக்க விடுவாங்களாம். தம்பி கூட்டிட்டுப் போறான்."

தெருவில் இறங்கி நடந்தார்கள். காற்றில் மீன் வாடை இருந்தது.

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்டி" என்றாள் அம்மா. கோபமே இல்லை அந்தக் குரலில். "ஏதோ ஒரு சொவத்தப் புடிச்சு அழுதுட்டு வந்திருப்பேன்."

இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்தது. அடுத்த வீட்டுக் கதவை ரம்லத் பீவிதான் தட்டினாள்.