முகூர்த்தத்தின் மேல் ஒரு சிரிப்பு

இருபது வருஷம் ஊரார் கல்யாணங்களையே படம்பிடித்த ஒருவன், தன் காதலை எதில் பதிந்து வைப்பான்?

உறையூர் அன்புச்செல்வன் மிச்ச நாடாவில் பதிந்து வைத்தான். கல்யாண வீடியோ கேசட் ஒரு மணி நேரம் ஓடும். பந்தி முடிந்த பிறகும் கடைசியில் ஐந்தாறு நிமிஷம் காலியாகக் கிடக்கும். 2006இல் அந்த மிச்சங்களைச் சேர்த்து, ஸ்ரீரங்கத்து வாடகை அறையில் சேர்ந்து வாழும் இரண்டு ஆண்களைப் பற்றி ஒரு படம் எடுத்தான். நடித்தது அவனுடைய வசீம். பெரிய கடைவீதியில் குடைக்கடை வைத்திருந்தவன். இன்னொருவன் கண்ணில் படமாட்டான், கேமராதான் அவன். வசீமின் கை, முதுகு, சோறு வடிக்கக் குனியும் கழுத்து, இவ்வளவுதான் படத்தில். பெரிய படம் என்று சொல்ல முடியாது. பல இடங்களில் ஒலி சரியில்லை. ஆனால் அன்றைக்கு இந்த ஊரில் வேறு யாரும் அப்படியொன்றை எடுக்கத் துணியவில்லை.

வசீமின் முகம் ஒரே இடத்தில் வந்தது, அதுவும் தவறுதலாக எடுத்த காட்சியில். கேசட் பின்னோக்கிச் சுற்றியிருந்ததை அன்பு கவனிக்கவில்லை. மண்ணச்சநல்லூர்க் கல்யாணம் ஒன்றின் முகூர்த்தம் அழிந்து, அதன் மேல் வசீம் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவசரப்பட்டு கேசட்டை வாங்கிப்போன பெண்ணின் அப்பா, மறுநாளே அதோடு ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார்.

“தாலி கட்டுற நேரத்துல இவரு யாருங்க, அடுப்பு முன்னாடி உக்காந்து சிரிக்கிறாரு? எங்க சமையக்காரர்கூட இல்லையே.”

அன்பு தலை குனிந்து மன்னிப்புக் கேட்டான். கேசட்டைத் திரும்ப வாங்கிப் பூட்டி வைத்தான்.

போன வருஷம் சென்னையிலிருந்து திரைப்பட விழா நடத்தும் சிலர் அந்தப் படத்தைத் தேடி வந்தார்கள். முதலில் திருச்சியிலேயே ஒரு சிறு அரங்கில் காட்டுவதென்று முடிவானது. வசீமின் தங்கை ஆபிதா தன் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. முகம் தெரிந்தால் பேச்சு நின்றுபோகலாம். நீ வேண்டாமென்றால் படமே வேண்டாம் என்று அன்பு வசீமிடம் சொல்லிவிட்டான். வசீம் மூன்று நாள் யோசித்துவிட்டு ஆபிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கையிலிருந்த துணிகளை மடித்து முடித்தாள்.

“காட்டட்டும் அண்ணே,” என்றாள் பிறகு. “நீங்க சிரிச்சு நானே பாத்து எத்தனை வருஷம் ஆச்சு.”

வசீம் அதை அப்படியே அன்புவிடம் போய்ச் சொன்னான். அன்பு அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

அரங்கில் ஆபிதா அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் கை வந்தது, முதுகு வந்தது, சோறு வடிக்கக் குனிந்த கழுத்து வந்தது. அடுப்படிக் காட்சி நெருங்கியபோது வசீம் நிமிர்ந்துகொண்டான். திரை கறுப்பானது. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. முகம் வரவில்லை. ஆபிதா இருட்டில் திரும்பி, பக்கத்திலிருந்த முகத்தைப் பார்த்தாள்.

முகத்தை ஏன் வெட்டிவிட்டாய் என்று வசீம் அன்புவிடம் அன்றைக்கும் கேட்டான், அதற்குப் பிறகும் கேட்டான். ஒவ்வொரு முறையும் அன்பு டீ போட எழுந்து போனான்.