ஆத்தா மேல் போட்ட பழி

போன வருஷம் சித்திரை வெயிலில், விருத்தாசலத்தில் நடந்தது. பீங்கான் கம்பெனியில் பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை எனக்கு. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் மனநல டாக்டர் புதுசாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அந்த விஷயம் என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். மாமியார் காதுக்குப் போனால் பைத்தியம்னு பட்டம் கட்டிவிடுவாங்களோ என்று பயம்.

ஒருநாள் காய்ச்சலோடு உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்துவிட்டது. சூளைச் சூடு என்றார்கள் கூட வேலை பார்க்கிறவர்கள். மாமியாரோ ஒரே பார்வையில், "அம்மைதான், ஆத்தா வந்திருக்கா" என்று முடிவே கட்டிவிட்டார். வாசலில் வேப்பிலை செருகியாச்சு, தாளிப்பு நிறுத்தியாச்சு, ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கக் கூடாது.

எனக்கோ அந்தப் புது மாத்திரை மேல்தான் சந்தேகம். தோலில் தடிப்பு வந்தால் உடனே ஓடி வரணும், அசட்டையாக இருந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். போன் போகவே இல்லை. சொல்லலாமா வேண்டாமா என்று வேப்பிலைப் படுக்கையில் புரண்டுகொண்டிருந்தேன். விடிந்ததும் பார்த்தால் வாயெல்லாம் புண், கண்ணைத் திறக்க முடியாத எரிச்சல். மானமாவது மண்ணாவது என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

மாமியார் வேப்பிலையை ஒதுக்கிவிட்டு என்னைத் தூக்கி உட்கார வைத்தார்.

"அடிப்பாவி, இத நேத்தே சொல்றதுக்கு என்னாடி? எந்திரி, ஆட்டோவுக்குச் சொல்றேன். ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

ஆஸ்பத்திரியில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே, "டாக்டரம்மா, என் மருமவ மனசுக்கு மாத்திர சாப்புடுது, அது ஒத்துக்கல, சீக்கிரம் பாருங்க!" என்று போட்டாரே ஒரு சத்தம்! நான் கூனிக் குறுகிப்போனேன். ஆனால் ஒருத்தரும் ஒரு மாதிரி பார்க்கவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை என்று சொன்னது போலத்தான் கேட்டுக்கொண்டார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று சொல்லி, அங்கேயே படுக்க வைத்தார்கள். பிறகு மனநல டாக்டரும் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

வீடு திரும்பியதும் மாமியார் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார். வேண்டுதலா அத்தை என்று கேட்டேன்.

"வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாத்திர பண்ண வேலைக்கு ஆத்தா மேல பழியப் போட்டுட்டோமே, மன்னிப்பு கேக்க வேணாமா?"

தழும்பெல்லாம் மங்கிவிட்டது. இப்போது தினமும் சாப்பாடு முடிந்ததும், தெருவுக்கே கேட்கிற மாதிரி "மாத்திர போட்டியா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். எது வெளியே தெரிந்தால் வாழ்க்கையே போச்சு என்று நடுங்கினேனோ, அதை அவர் இப்படிச் சத்தம் போட்டுக் கேட்கிறபோதுதான் இது என் வீடு என்று மனசுக்குப் படுகிறது.