ஒழுங்கைக்குள் ஓட்டோ போகும் என்றேன்

பொய் சொன்னவன் நான். பிரதேச சபைக் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னிலையில், குரல் நடுங்காமல் சொன்னேன். அந்தப் பொய்யின் விலையை இன்று ஒரு சிறு பிள்ளை மூச்சால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

நெல்லியடிச் சந்தைக்கு அருகில் இருக்கிறது எங்கள் வீதி. அங்கே வாகனம் விட நாய்படாத பாடு. முன்பெல்லாம் வீதியிலும் அதிலிருந்து பிரியும் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் குடியிருந்த எல்லோருக்கும் சபை ஒரு ஸ்டிக்கர் தந்தது. அதை ஒட்டிய வாகனம் வீதியோரம் நிற்கலாம். நாளடைவில் பஸ் திரும்பக்கூட இடமில்லாமல் போயிற்று. ஆகவே விதியை மாற்றினார்கள். வாகனத்தை வீட்டு வளவுக்குள் கொண்டுபோக முடியாதவர்களுக்கு மட்டுமே இனி ஸ்டிக்கர். நல்ல விதிதான். நானும் கைதட்டினேன்!

ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால் வீதிக் குடியிருப்பாளர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். கூட்டத்தில் பட்டியலை வைத்து வீடு வீடாக விசாரித்த அலுவலர், என் மதிலை ஒட்டிய ஒழுங்கையின் முறை வந்தபோது என்னைப் பார்த்தார்.

"உந்த ஒழுங்கையாலை ஓட்டோ போய்வருமோ, மாஸ்டர்?"

"தாராளமாப் போகும்."

போகாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஏன் போகாது என்பதும் எனக்குத்தான் தெரியும்...

எங்கள் பக்கத்தில் வேலி அடைக்கும்போது கதியால் தடிகளை ஒரு சாண் வெளியே தள்ளி நடுவது புதிதல்ல. எல்லோரும் செய்வதுதானே என்று என் மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் சாணோடு நிற்கவில்லை. ஒழுங்கை வீடுகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த காலத்தில் வேலியைப் பிடுங்கிவிட்டு, ஒழுங்கைக்குள் நன்றாகத் தள்ளி மதிலே கட்டிவிட்டேன். கேட்க யார் இருந்தார்கள்?

போகாது என்று அன்று சொல்லியிருந்தால் அலுவலர் நாடாவோடு வந்து அளந்திருப்பார். மாஸ்டர் ஒழுங்கையைத் திருடியவர் என்று சந்தை முழுக்கக் கதைத்திருக்கும். அந்தப் பயம்! அவ்வளவுதான்... அதற்குமேல் ஒரு காரணமும் இல்லை.

ஒழுங்கையின் கடைசி வீட்டில் சசி இருக்கிறான். ஓட்டோ ஓடிப் பிழைப்பவன். மதில் எழும்பிய பிறகு குடிவந்தவன் என்பதால், ஒழுங்கையே அந்த அகலந்தான் என்று நினைத்திருக்கிறான். ஸ்டிக்கர் பறிபோனதும் ஓட்டோவைச் சந்தைக்கு அப்பாலுள்ள வெளியில் விடவேண்டியதாயிற்று. அவனுடைய மகள் அபிஷாவுக்கு மூச்சிழுக்கும் முட்டு வருத்தம்.

ஒரு மத்தியானம் அவளுக்கு முட்டு இழுத்தது. சசி ஓட்டோ எடுக்க ஓடினான். தாய் பிள்ளையைத் தூக்கிவந்து என் கேற்றடியில் நின்றாள். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன. என்னிடம் ஒரு சைக்கிள்தான் இருந்தது. வீதியில் போன வாகனங்களுக்குக் கை காட்டினேன். எதுவும் நிற்கவில்லை... சசி வந்து சேரும்வரை அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்துதான் பார்த்தாளோ?

பிழைத்துவிட்டாள். ஆனால் இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர இப்படிச் சுணங்கினால் பிள்ளை தப்பாது என்று டொக்டர் சொன்னாராம்.

முதல் கூட்டத்துக்கு வந்திராத சசி என்னிடம்தான் வந்தான். பழைய அலுவலர் மாற்றலாகிவிட்டார், அவர்தான் ஏதோ பிழை விட்டிருக்கிறார் என்றான். செயலாளர் ஒரு வார்த்தை சொன்னால் ஸ்டிக்கர் தரலாம் என்று புதியவர் சொல்லிவிட்டாராம். கூட்டத்தன்று, நான் வெயிலில் நடக்கக்கூடாதென்று, அவ்வளவு தூரம் நடந்துபோய் ஓட்டோவைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தினான். நான் ஏறினேன். ஏற எனக்கு எப்படி மனம் வந்தது?

எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று தீர்மானித்துத்தான் உள்ளே போனேன். நம்புங்கள்! புதிய அலுவலர் தங்கமான மனிதர். நான் சசியின் பெயரைச் சொன்னதுமே நிமிர்ந்தார்.

"பிரச்சினையில்லை மாஸ்டர். நாளைக்கு வந்து ஒழுங்கையை ஒருக்கா அளந்துபோட்டுக் குடுப்பம்."

அளந்தால் என் மதில்...

"இப்ப அவசரமில்லை. அடுத்த கூட்டத்திலை பாப்பம்" என்றேன். அவர் அடுத்த விடயத்துக்குப் போனார்.

சசி வெளியே வாகை மர நிழலில் காத்திருந்தான். என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். நான் இறங்கும்போதுதான் கேட்டான்.

"கதைச்சனீங்களோ, மாஸ்டர்?"

"ஓம். கதைச்சனான்."

அவன் முகம் மலர்ந்தது. நான் நீட்டிய காசை வாங்க மறுத்துவிட்டான்.

"இனிப் பயமில்லை எண்டு பிள்ளையிட்டைச் சொல்லட்டோ?"

நான் தலையாட்டினேன்.