கொன்றைக்கு ஊற்றாத தண்ணீர்

ஒரு கவலையாவது குறையட்டும் என்றுதான் சரக்கொன்றைக் கன்று வாங்கினேன். இது நம்ம மண்ணு மரம், வறட்சி தாங்கும், வேர் பிடித்தபின் மறந்துவிடலாம் என்றார் நர்சரிக்காரர். எதையும் மறக்கத் தெரியாத ஆளிடம் அதைச் சொன்னார்.

புதுவாயலில் எங்கள் வீட்டு வாசலில் மரம் நன்றாகவே வளர்ந்தது. பூத்ததுதான் இல்லை. தினமும் தண்ணீர் ஊற்றினேன். இரும்பு ஆலைத் தூசி படிந்து அதற்கு மூச்சு முட்டுமோ என்று பைப்பு பிடித்துக் குளிப்பாட்டினேன். நான் வேலை செய்யும் கம்பெனி வாசலிலும் ஒரு கொன்றை உண்டு. யாரும் ஒரு சொட்டு ஊற்றாமலே கோடைதோறும் மஞ்சளாகத் தொங்கும். அதன் அடியில் ஏதோ குழாய் உடைந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன். ஏழாவதோடு பள்ளியை விட்டவன் நான்; படித்திருந்தால் இன்னும் நிறைய பயந்திருப்பேன்.

இந்த வருடம் என் மனைவி கெடு வைத்துவிட்டாள். கோடைக்குள் பூக்காவிட்டால் மரத்தை வெட்டிவிட்டு முருங்கை. அது குழம்புக்காவது ஆகும். பங்குனியில் மரம் இலை உதிர்க்க ஆரம்பித்தது. இரண்டு வேளையும் ஊற்றினேன்.

அந்த நேரம் பார்த்துக் கடம்பத்தூரில் என் தம்பி புது வீட்டுக்குத் தளம் போட்டான். கான்கிரீட் இறுகும்வரை மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். அதற்கு என்னைக் கூப்பிட வந்தான்.

"தண்ணி ஊத்த உங்க அண்ணன விட்டா ஆளு ஏது? இட்டுனு போ தம்பி" என்று மனைவி அனுப்பிவைத்தாள்.

அங்கே தளத்துக்கு ஊற்றியபடியே தினமும் அவளுக்கு போன் செய்தேன். மரத்துக்கு ஊற்றியாச்சு என்பாள். எவ்வளவு என்பேன். இரண்டு குடம் என்பாள். இலையெல்லாம் கொட்டிவிட்டது என்பாள். முருங்கைக் கொம்பு வாங்கிவிட்டாளா என்று கேட்கப் பயந்து, இன்னொரு குடம் சேர்த்து ஊற்றச் சொல்வேன். சரி என்பாள்.

தளத்து வேலை முடிந்து ஊர் திரும்பி, தெருமுனையில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். மரத்தில் இலையே இல்லை. மொத்தமும் மஞ்சள் சரம். பக்கத்து வீட்டுப் பெண்கள் அடியில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா, ஊத்துன தண்ணி வீண் போகல" என்றேன் மனைவியிடம்.

"நான் எங்க ஊத்துனேன்? கொடம்லாம் கவுந்துகினுதான் கெடக்குது."

"போன்ல சொன்னியே?"

"அது உனக்கு ஊத்துனதுயா. மரத்துக்கு இல்ல."

முருங்கைப் பேச்சு அதோடு நின்றது. உதிர்ந்த பூவைக்கூட அவள் உடனே பெருக்குவதில்லை. என்னைப் பைப்பு பக்கம் விடுவதும் இல்லை. நானும் மரத்தை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டேன். பூ முடிந்தால் முழ நீளத்துக்குக் காய் தொங்குமாம். அது எங்கள் ஷீட்டுக் கூரைமேல் விழுந்தால் என்ன ஆகும் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.