யாரும் பார்க்காத பை

தையல் ஆலையில் பிசிறு நூல் வெட்டுகிற அக்கா வெள்ளை இனம். சாயங்காலம் வாசலில் காவலாளி கறுப்பு இனத்துப் பெண்களின் பைகளை மட்டும் கொட்டிப் பார்ப்பார். அக்காவின் இனத்தாரைக் கையசைத்து அனுப்பிவிடுவார்.

ஒருமுறை சின்னக் கத்தரி ஒன்று காணாமல் போனது. பக்கத்து மேசையில் வேலை செய்யும் கறுப்பு இனத்துக்காரியின் பையை மூன்று நாள் கவிழ்த்தார்கள். நாலாம் நாள் காலையில் அக்காவின் சாப்பாட்டுப் பைக்குள்ளேயே அடியில் கத்தரி கிடந்தது. மறதியாய் அவளே போட்டது. சொன்னால் வேலை போகலாம். சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிடலாம்தான். கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறாரே!

அன்று சாயங்காலம் அவளும் பை கொட்டிக் காட்டும் வரிசையில் நின்றாள்.

"நீங்க எதுக்குக்கா? உங்களை யாரு சந்தேகப்படுவா?"

"அதான் தம்பி தப்பு. கொட்டிப் பாரு."

கத்தரி விழுந்தது. காவலாளி முகத்தில் ஈயாடவில்லை.

"மறந்து எடுத்துட்டுப் போயிருப்பீங்க..."

"இவ பையில இருந்திருந்தா மறதின்னு சொல்லியிருப்பியா?" என்று அக்கா பின்னால் நின்றவளைக் காட்டினாள்.

"அடிப்பாவி, என் சோத்துப் பாத்திரம் வரைக்கும் மோந்து பார்த்தாங்களே!" என்று பக்கத்து மேசைக்காரி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

மேலாளர் அக்காவை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார்.

"இருக்கேன் சார். இனிமே எல்லார் பையையும் பாருங்க."

அவள் திரும்பி வந்தபோது வாசலில் எல்லாருக்கும் ஒரே வரிசை. பஸ் போச்சே என்று அவள் இனத்தார் முணுமுணுத்தார்கள். அக்கா பையைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் ஆளாக நின்றாள்.