வாய்தா நாளில் தஞ்சாவூர்

செங்கோட்டை வாசலில் டூரிஸ்ட் வழிகாட்டி எங்கள் குழுவினரின் பெயர்களை உரக்கக் கூப்பிட்டான். டெல்லியில் ஒரே நாளில் ஒன்பது இடம் என்று பட்டியல் போட்டிருந்த மகள், "சீக்கிரம்மா, கூப்பிடுறாங்க" என்றாள். எனக்குத் தஞ்சாவூர் கோர்ட் வராந்தா நினைவுக்கு வந்தது.

தஞ்சாவூர் கோர்ட்டில் அப்பாவின் பெயரை டவாலி மூன்று முறை கூப்பிடுவார், அப்போது ஆள் இல்லாவிட்டால் குத்தகை நிலம் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவும் நானும் தஞ்சாவூரைப் பார்த்ததே இல்லை. வாய்தாவோடு பெரிய கோயில், அரண்மனை, பொம்மைக் கடை எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று அப்பா பஸ்ஸிலேயே திட்டம் போட்டார்.

கோயிலில் நந்தி வரைக்கும்தான் போனோம். அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோர்ட்டில் யார் கண்ணையும் உறுத்தக்கூடாதென்று கட்சித் துண்டின் கறுப்பு சிவப்புக் கரை வெளியே தெரியாதபடி மடித்து மடித்துப் பார்த்தவர், "போதும், வாங்க. பேரக் கூப்புட்டுட்டா என்ன பண்றது?" என்றார்.

"இன்னும் சாமியவே பாக்கலைங்க" என்றாள் அம்மா.

கோர்ட் வராந்தாவில் சாயங்காலம் வரை நின்றோம். தண்ணீர் குடிக்கக்கூட அப்பா நகரவிடவில்லை. கடைசியில் கூப்பிட்டு, அடுத்த மாதம் வாய்தா என்று அனுப்பிவிட்டார்கள். அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்ப அடுத்த மாசம் அரண்மனையப் பாத்துரலாம்."

அடுத்த மாதம் அப்பா தனியாகத்தான் போனார். அன்று தீர்ப்பாகி நிலம் போனது. அம்மா அரண்மனையைக் கடைசிவரை பார்க்கவில்லை.

வழிகாட்டி என் பெயரை இரண்டாவது முறை கூப்பிட்டான். மூன்றாவது முறைக்கு விடாமல், "இருக்கேங்க" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.