வெளிக்குப் போனவரும் மொழிபெயர்த்தவனும்

நீரிழிவுக் கிளினிக்கில் மொழிபெயர்ப்பாளன் வேலை என்பது, அப்பாவின் வயதுக்காரர்களுடைய வயிற்றைப் பற்றி அவர்கள் முன்னாலேயே ஆங்கிலத்தில் பேசுவது. பெற்றோருக்காக டொக்டரிடம் வாய் திறந்த பிள்ளைகளே, உங்களுக்கு விளங்கும்.

கண்ணை மூடிய சோதனை

ரெக்ஸ்டேலில் இருந்து வரும் அங்கிள் தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி ஏற்றி வான் ஓடுகிறவர். காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, நேர்ஸ் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் நைலோன் நூலால் தொட்டா. படும்போதெல்லாம் "ஓம்" சொல்லவேண்டும். அங்கிள் விடாமல் "ஓம்" சொன்னார். நேர்ஸ் நூலைக் கீழே வைத்த பிறகும் சொன்னார்.

நான் மெதுவாக அவர் தோளைத் தொட்டேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "தெரியேல்லை எண்டு சொன்னா, வான் ஓட விடுவினமோ தம்பி?"

பூட்ஸ்

அடுத்த முறை டொக்டரிடம், "இரவில நாலைஞ்சு தரம் வெளிக்குப் போறன்" என்றார். நான் தமிழ் பழகிய அப்பப்பாவின் கதைகளில் ராசாக்கள் காட்டுக்குப் போனார்கள், கடல் தாண்டினார்கள். ஒருவரும் வெளிக்குப் போகவில்லை. நான் சொல்லுக்குச் சொல், 'வெளியே போகிறேன்' என்று மொழிபெயர்த்தேன். டொக்டர் இளம்பெண். இந்தக் குளிரிலும் நடக்கிறாரே என்று மகிழ்ந்து, கால் கவனம், நல்ல பூட்ஸ் போடுங்கோ என்றா. அதைத் தமிழில் சொன்னேன்.

அங்கிள் என்னையே பார்த்தார். "பூட்ஸோ? கக்கூஸ் வீட்டுக்குள்ளதானே இருக்கு, தம்பி!"

ஐ, ஐ

அன்றைக்கே ஒழுங்காகத் திருத்தியிருக்க வேண்டும். கூச்சத்தில், 'வயிறு கொஞ்சம் சரியில்லையாம்' என்று டொக்டரிடம் முடித்துவிட்டேன். அடுத்த மாதம் அங்கிள் கறுத்துப்போய் வந்தார். விட்பியில் ஒரு கடைக்கு மரக்கறி ஏற்றிப் போகும் வழியில் இரத்தத்தில் சீனி இறங்கி, வேர்த்து நடுங்கி, வானை ஓரங்கட்டியிருக்கிறார். இன்சுலின் போட்டவர் சாப்பிடவில்லை. ஏன் என்று டொக்டர் கேட்டா.

"சாப்பிட்டா அடக்கேலாது தம்பி. ஒருக்கா வானுக்குள்ளயே போயிட்டுது. இதை அந்த டொக்டர்ப் பிள்ளைக்குச் சொல்லாதையும்."

எங்கள் வேலையில் கேட்டதை எல்லாம் சொல்லவேண்டும். அதுவும் 'அவர்' என்றில்லை, 'நான்' என்று, ஆங்கிலத்தில் 'ஐ' என்று. சாப்பிட்டால் என்னால் அடக்க முடியாது, ஒருமுறை வானுக்குள்ளேயே போய்விட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். காது இரண்டும் சுட்டன. டொக்டர் சிரிக்கவில்லை. சீனி காலின் நரம்பைப் போலக் குடலின் நரம்பையும் கெடுக்கும், சோதித்துப் பார்ப்போம், வைத்தியம் இருக்கிறது என்றா. இன்சுலினைக் குறைத்தா. சீனி ஒரு நிலைக்கு வரும்வரை வான் ஓடவேண்டாம் என்றா. அங்கிள் பயந்தது அதற்குத்தான். அதையும் நான்தான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது.

வாசலில் ஜக்கெற்றின் சிப்பை இழுத்தபடி அங்கிள் சொன்னார்: "நீர் 'ஐ, ஐ' எண்டு சொல்லேக்க, உமக்கு வந்தமாதிரிக் கிடந்தது தம்பி. பாவம், இந்த வயசிலயோ எண்டு நினைச்சன்."

அவருடைய வெட்கத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோக, கிளினிக் எனக்கு மணித்தியாலக் கணக்கில் சம்பளம் தருகிறது.